பம்புசெட் புராஜெக்ட்: போர்டு வாங்கும் முன் மூன்று வாரம்

பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளின் கடைசி ஆண்டு புராஜெக்ட் பட்டியலில் ஒரு தலைப்பு ஆண்டுதோறும் தப்பாமல் வரும்: மண் ஈரம் பார்த்துத் தானே தண்ணீர் பாய்ச்சும் கருவி. ஒரு ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் சிறு போர்டு), இரண்டு முள் வைத்த ஈர உணரி, ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), மீன்தொட்டி மோட்டார், ஒரு ரோஜாத் தொட்டி. மேஜைமேல் அழகாக ஓடும். ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்துக் கிணற்றுத் தோட்டம் எதிலும் அதற்கு வேலை இருக்காது. முள் உணரியில் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் மின்னாற்பகுப்பில் சில வாரத்தில் அரித்துப் போகும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், மண் காய்ந்திருக்கிறதா என்ற கேள்வி விவசாயியிடம் இல்லவே இல்லை. ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கிப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவரிடம் இருக்கும் கேள்வி எது என்று கண்டுபிடிக்கும் வேலையை வரிசையாகக் கீழே பதிந்திருக்கிறோம். மூன்று பேர் குழுவுக்கு மூன்று வாரம் பிடிக்கும். முதல் வாரம் ஆட்களைப் பார்க்க, இரண்டாவது வாரம் அளக்க, மூன்றாவது வாரம் பொய்க்கருவி (கருவியின் வேலையைச் செய்யும் ஆள்) வைத்துச் சோதிக்க. ரிலே, ஜிஎஸ்எம் மாட்யூல் (செல்போன் அலையில் பேசும் பாகம்) எதையும் இந்த மூன்று வாரத்தில் வாங்கக் கூடாது. கையில் மாட்யூல் வந்துவிட்டால் அதற்கேற்ற பிரச்சினையைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

ஊருக்குப் போகும் முன் ஒன்றிரண்டு நாள் உட்கார்ந்து தேடினால் இரண்டு உண்மைகள் கிடைக்கும். செல்போனில் அழைத்து மோட்டார் போடும் கருவி பல ஆண்டுகளாகக் கடையில் விற்கிறது; வேளாண்மைப் பொறியியல் துறை அதற்கு மானியமே கொடுத்திருக்கிறது. ஆகவே "புதிய கண்டுபிடிப்பு" என்று அறிக்கையில் எழுத முடியாது. அடுத்தது, தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். "மின்கட்டணம் மிச்சமாகும்" என்ற வரி பல மாணவர் அறிக்கைகளில் இருக்கிறது. கட்டணமே கட்டாதவருக்கு என்ன மிச்சம்? காப்புரிமைத் தேடலுக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம் இலவசம். பயிர்வாரியான தண்ணீர்த் தேவைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம் போதும். இதற்கு மேல் இணையத்தில் உட்கார்ந்திருப்பது வீண்.

யாரைப் பார்ப்பது

விவசாயிகள் 12 முதல் 15 பேர். எட்டாவது, பத்தாவது ஆளுக்குப் பிறகு அதே பதில்கள் திரும்ப வரும்; அதுவரை போக வேண்டும். ஆனால் விவசாயி வீட்டுக்குப் போகும் முன், எரிந்த மோட்டாருக்குச் சுருள் மாற்றும் வைண்டிங் கடைக்குப் போவது நல்லது. மோட்டார் எரிந்த கதையை விவசாயி "கரண்ட் கோளாறு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். வைண்டிங் மேஸ்திரி சுருளைப் பார்த்தே காரணம் சொல்வார். மோட்டாருக்கு மூன்று கம்பிகளில் மின்சாரம் வரும், ஒவ்வொன்றும் ஒரு பேஸ்; உள்ளே சுருள்களை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறை. ஸ்டார் இணைப்பில் மூன்று பேஸ் சுருளில் இரண்டு கருகி ஒன்று பளிச்சென்று இருந்தால் ஒரு பேஸ் போன நிலையில் ஓடியிருக்கிறது. டெல்டா இணைப்பில் அதே கோளாறுக்கு ஒரு பேஸ் மட்டும் கருகும். எல்லாம் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜ். இரண்டு கடைகளில், கடைசியாக வந்த பத்துப் பத்து மோட்டாரின் காரணத்தை மட்டும் கேட்டு எழுதுங்கள். எந்தக் கோளாறுக்கு மருந்து தேவை என்று அந்த இருபது வரி சொல்லிவிடும்.

கூடவே ஒரு லைன்மேன், பம்புசெட் வேலைக்குப் போகும் ஓர் எலக்ட்ரீசியன், மடை மாற்றும் கூலியாட்கள் மூன்று பேர். இவர்களைவிட முக்கியமான ஒரு வகை உண்டு: செல்போனில் அழைத்து மோட்டார் போடும் அந்த மொபைல் ஸ்டார்டரை வாங்கி மாட்டி, பிறகு கழற்றி வைத்தவர்கள். எலக்ட்ரீசியனைக் கேட்டால் இரண்டு பேரையாவது காட்டுவார். மோட்டார் ரூம் சுவரில் தூசி படிந்து தொங்கும் அந்தப் பெட்டியின் முன்னால் நின்று ஏன் கழற்றினார் என்று கேளுங்கள். ரீசார்ஜ் முடிந்தது, சிக்னல் இல்லை, பல்லி உள்ளே போனது, ரிப்பேருக்கு அனுப்பியது திரும்பி வரவில்லை. எந்தப் பதிலும் நம் வடிவமைப்புக்கு நேராக ஒரு நிபந்தனை போடும்.

பயனாளி யார் என்பதிலேயே பல குழுக்கள் சறுக்கும். நிலம் அப்பா பெயரில். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். கரண்ட் வந்ததும் போய் மோட்டார் எடுத்துவிடுவது பெரும்பாலும் வீட்டு அம்மா. மடை மாற்றுவது ஆள். மகனிடம் ஸ்மார்ட்போன், அப்பாவிடம் பட்டன் போன், அம்மாவிடம் சில வீடுகளில் போனே இல்லை. மகனிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் ஓர் ஆப் செய்யத் தோன்றும். நான்கு பேரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெண்களிடம் பேசக் குழுவில் ஒரு மாணவியாவது இருந்தால், திண்ணையில் அப்பா சொல்லாதது அடுப்படியில் கிடைக்கும்.

கூட்டுக் கிணறு இன்னொரு கண்ணி. கொங்குப் பக்கம் ஒரே கிணற்றில் பங்காளிகள் மூன்று நான்கு பேருக்குப் பங்கு இருக்கும். ஆளுக்கு இத்தனை நாள் முறை. மண் காய்ந்தது என்று கருவி தானாகவே மோட்டாரைப் போட்டால், அடுத்தவர் முறையில் தண்ணீர் எடுத்ததாகி விடியும் முன் சண்டை வந்துவிடும். முதல் சந்திப்பிலேயே "கிணத்துல எத்தன பங்குங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

எப்போது போவது

மழைக்காலத்தில் போனால் யாருக்கும் பிரச்சினை இருக்காது. கிணறு நிறைந்திருக்கும், மோட்டார் ஓய்வில் இருக்கும். பிப்ரவரி முதல் மே வரை சரியான காலம். புராஜெக்ட் டிசம்பரில் முடிய வேண்டுமென்றால் முந்திய கோடையிலேயே கள வேலையைத் தொடங்கிவிட வேண்டும். காலை ஏழு மணிக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் அவசரம். பத்தரைக்கு மேல் போனால் நின்று பேசுவார்கள். டீக்கடையில் எட்டுப் பேரை ஒன்றாக வைத்துக் கேட்பது எளிது என்று தோன்றும். பெரியவர் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதை எட்டுப் பதிலாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

என்ன கேட்பது

எல்லாக் குழுவும் கேட்கும் கேள்வி: "இப்படி ஒரு கருவி இருந்தா வாங்குவீங்களா?" எல்லா இடத்திலும் வரும் பதில்: "நல்லா இருக்கும் தம்பி, செய்யுங்க." அது மரியாதை. காலேஜ் பிள்ளைகள் வெயிலில் வந்து கேட்கிறார்கள், வேண்டாம் என்று எந்தப் பெரியவர் சொல்வார்? இந்தப் பதிலை நூறு பேரிடம் வாங்கிச் சதவீத வரைபடம் போட்டாலும் அதில் தகவல் எதுவும் இல்லை.

நடந்ததைக் கேட்க வேண்டும், நாளும் நேரமும் வைத்து. மோட்டார் ஓட்டும் மூன்று பேஸ் மின்சாரத்தைத் தோட்டத்தில் "திரி பேஸ்" என்பார்கள். "நேத்து ராத்திரி திரி பேஸ் எத்தன மணிக்குங்ணா வந்துச்சு?" "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" "கரண்ட் வந்தது எப்படித் தெரிஞ்சுது?" "யார் போய் எடுத்துவிட்டாங்க?" "நடுவுல எத்தன தடவ நின்னுச்சு?" "கடைசியா மோட்டார் எப்பங்க எரிஞ்சுது? எவ்வளவு ஆச்சு? அதுக்கப்புறம் என்ன மாத்துனீங்க?" கடைசிக் கேள்வி முக்கியமானது. எரிந்த பிறகும் ஒன்றும் மாற்றவில்லை என்றால், அந்தச் செலவை அவர் தாங்கிக்கொள்கிறார். அதற்காகப் புதுக்கருவி வாங்க மாட்டார். காசு போட்டு ஏற்கெனவே ஏதாவது மாட்டியிருந்தால் அங்கே உண்மையான வலி இருக்கிறது.

ஒருவர் கேட்பது, ஒருவர் எழுதுவது. மூன்றாமவர் மோட்டார் ரூமைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். நோட்டில் பெயர் வேண்டாம், வி1, வி2 என்று குறி போதும். அன்றிரவே மூன்று பத்தியாகப் பிரித்து எழுத வேண்டும்: அவர் சொன்னது, நாம் கண்டது, நமக்குத் தோன்றியது. மறுநாள் எழுதினால் இந்த மூன்றும் கலந்துவிடும். "ஆட்டோ (கரண்ட் வந்ததும் தானே மோட்டார் போடும் ஸ்விட்ச்) மாட்டியிருக்கு, ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்பது சொன்னது. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவெண்டரைத் துண்டித்து ஒயரை நேராக முறுக்கிவிட்டிருப்பது கண்டது. இரண்டும் முரண்படும் வரிகளைச் சிவப்பு மையில் கோடிடுங்கள். அடிக்கடி டிரிப் ஆகி மோட்டார் நிற்கிறது என்று எலக்ட்ரீசியன்தான் பெரும்பாலும் துண்டித்திருப்பார். நம் கருவிக்கும் அதே கதி நேரும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எதை அளப்பது

ஸ்டார்டர் பெட்டியை மாணவர்கள் திறக்கக் கூடாது. உள்ளே 415 வோல்ட், தரை ஈரம், பல தோட்டங்களில் எர்த் பேருக்குத்தான் இருக்கும். கரண்ட் அளக்க எலக்ட்ரீசியனைக் கூட்டிப்போய் கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரால் மூன்று பேஸையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். 5 ஹெச்பி மோட்டார் சரியான வோல்டேஜில் ஏறக்குறைய 7 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியர் ஏறும். கிணற்றில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கும் நிமிடத்தில் ஆம்பியர் சட்டென்று இறங்கும். அந்த எண்ணை அதே கிணற்றில், அதே மோட்டாரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிப் புத்தகத்தில் கிடைக்காது. நீர்மூழ்கி மோட்டார் என்றால் காற்றில் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள்: அதைக் குளிர்விப்பதும் பேரிங்குக்கு வழவழப்புக் கொடுப்பதும் அந்தத் தண்ணீர்தான். தானாக அப்படி நேரும்போது அளந்தால் போதும்.

ஒரு பேஸ் போவதை வோல்டேஜ் பார்த்துக் கண்டுபிடிக்கும் சுற்று மாணவர்களிடம் பிரபலம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், போன பேஸிலும் வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். இரண்டு பேஸில் ஓட்ட கண்டென்சர் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். சுற்று மூன்றும் இருக்கிறது என்றே நம்பும். ஆம்பியரைப் பார்த்தால்தான் பிடிபடும். மோட்டார் ரூமில் கண்டென்சர் தொங்குகிறதா என்பதைப் பார்வைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

தண்ணீர் அளவுக்கு 20 லிட்டர் வாளி ஆகாது. இரண்டரை அங்குலக் குழாயில் மூன்று நான்கு நொடியில் நிரம்பிவிடும், ஒரு நொடிப் பிழையே முப்பது சதவீதம். 200 லிட்டர் டிரம் வைத்து மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். 40 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 5 லிட்டர், நிமிடத்துக்கு 300. மாணவர்கள் வழக்கமாக வாங்கும் ஒய்எஃப்-எஸ்201 உணரி நிமிடத்துக்கு 30 லிட்டர் வரைதான் தாங்கும். அரை அங்குலக் குழாய்க்கானது. இந்த ஒரு அளவீடே அந்த உணரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும்.

வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு நடந்தே போய் நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள், பகலில் ஒரு முறை, இருட்டில் ஒரு முறை. இருட்டில் போகும்போது வீட்டுக்காரர் ஒருவர் கூட வர வேண்டும். ஷூவும் டார்ச்சும் கட்டாயம். வரப்பில் பாம்பு என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. சிக்னலை போனில் தெரியும் கோடுகளை வைத்து முடிவு செய்ய முடியாது. தகரக் கதவைச் சாத்தி, கருவி இருக்கப்போகும் இடத்திலேயே ஒரு மாட்யூலை இரவல் வாங்கி சிக்னல் தர எண் கேட்டால் 0 முதல் 31 வரை வரும். 10 என்றால் மைனஸ் 93 டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு). அதற்குக் கீழே நம்ப முடியாது. 99 வந்தால் அளக்க முடியவில்லை என்று பொருள். ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லாததால், 2ஜியில் மட்டும் ஓடும் சிம்800எல் மாட்யூலில் ஜியோ சிம் வேலை செய்யாது. அந்தக் கிணற்றடியில் எந்த நிறுவனத்தின் எந்தத் தலைமுறை அலை கிடைக்கிறது என்று தெரிந்த பிறகே மாட்யூல்.

கரண்ட் எப்போது வருகிறது

திரி பேஸ் நேரத்தை அரசு அறிவிப்பைப் பார்த்து எழுதாதீர்கள். விவசாயியின் நினைவும் சரியாக இருக்காது. தோட்டத்துக்கு மின்சாரம் வரும் பாதையில் (ஃபீடர்), அளக்கும் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரம் பதிவு செய்ய வேண்டும். மின்கம்பியைத் தொடாமல் செய்ய ஒரு வழி உண்டு. ஸ்டார்டர் பலகையின் முகப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பேஸ் விளக்குகள் இருக்கும். பல பலகைகளில் மோட்டார் ஓடுவதைக் காட்டும் விளக்கும் உண்டு. ஒவ்வொரு விளக்கின் முன்னும் ஒரு எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் உணரி). விளக்கு நுழையும் அளவு பிவிசி குழாய்த் துண்டில் எல்டிஆரைப் பொருத்தி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிடலாம். மூடாமல் விட்டால் காலையில் கதவிடுக்கு வழியே வரும் வெயிலைக் கருவி கரண்ட் என்று எழுதிவைக்கும்.

ஒவ்வொரு எல்டிஆரோடும் 10 கிலோ ஓம் தடையைத் தொடராக 3.3 வோல்ட்டில் கட்டி, நடுப்புள்ளியை, இரவல் வாங்கிய இஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டின் 32, 33, 34, 35 எண் முனைகளுக்குக் கொடுங்கள். விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பதால் ஒரே ஒரு அளவை நம்ப முடியாது. 2 மில்லி நொடி இடைவெளியில் 50 அளவு எடுத்துச் சராசரி. விளக்கு எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் ஓர் அளவு எடுத்து, நடு எண்ணை வரம்பாக வையுங்கள். நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகார மாட்யூல் தேவை. இஎஸ்பி32-இன் உள்கடிகாரம் உறக்க நிலையில் நாளுக்குப் பல நிமிடம் நகர்ந்துவிடும். 10 நொடிக்கு ஒரு முறை விழித்துப் பார்த்து, நிலை மாறினால் மட்டும் எஸ்டி கார்டில் ஒரு வரி.

இதில் மூன்று இடத்தில் வழக்கமாகச் சொதப்பும். பவர் பேங்க் மாட்டினால், இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்று அது தானே அணைந்துவிடும். ஒரே 18650 லித்தியம் செல்லை அந்த போர்டின் 5 வோல்ட் முனையில் கொடுத்தால், உள்ளே வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டர் ஒரு வோல்ட் அளவு விழுங்கி, போர்டு அடிக்கடி ரீசெட் ஆகும். நான்கு ஏஏ அல்கலைன் செல் வைத்தால் 6 வோல்ட். போர்டு உறக்கத்திலும் 10 மில்லி ஆம்பியர் வரை தின்னும் என்று கணக்கிட்டால் நாளுக்கு 240 மில்லி ஆம்பியர் மணி. பத்து நாளைக்குள் செல் மாற்றத் திட்டமிடுங்கள். மூன்றாவது, ஒரு நொடிக்கும் குறைவாகக் கரண்ட் துள்ளினாலும் ஸ்டார்டரைப் பிடித்து வைத்திருக்கும் காயில் (மின்காந்தச் சுருள்) விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும். 10 நொடிப் பதிவில் அந்தத் துள்ளல் விழாது. நான்காவது எல்டிஆர் அதற்காகத்தான்: மூன்று பேஸும் தொடர்ந்து எரிய, மோட்டார் விளக்கு மட்டும் அணைந்தால் ஒன்று யாரோ நிறுத்தியிருக்கிறார்கள், அல்லது துள்ளல், அல்லது ஓவர்லோடு ரிலே. எது என்று மறுநாள் காலையில் வீட்டில் கேட்டு எழுத வேண்டும்.

சுவரில் பென்சில் கட்டிய ஒரு தாளும் தொங்கட்டும். "வந்து போட்ட நேரம், யார்" என்று இரண்டே பத்தி. பதிவுக் கருவி சொல்லாததை அந்தத் தாள் சொல்லும்.

பொய்க்கருவி

மூன்றாவது வாரம் கருவிக்குப் பதில் ஆள். குழுவில் இரண்டு பேர் அனுமதி வாங்கி மோட்டார் ரூமருகே இரவு தங்க வேண்டும். கரண்ட் வந்ததும் விவசாயிக்கு அழைப்பு, குழாயில் தண்ணீர் விழுந்ததும் அழைப்பு, நின்றதும் அழைப்பு. முதல் இரவு மிஸ்டு கால், அடுத்த இரவு குறுஞ்செய்தி, மூன்றாவது இரவு பேசுவது. கவனிக்க வேண்டியது அவர் அந்தத் தகவலை வைத்து என்ன செய்கிறார் என்பதை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வருகிறாரா? புரண்டு படுக்கிறாரா? குறுஞ்செய்தியைக் காலையில்தான் பார்க்கிறாரா? பழைய பட்டன் போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறதா?

வாய்க்கால் பாசனத்தில் மோட்டார் போட்டாலும் மடை மாற்ற ஆள் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பாத்தியில் தண்ணீர் தேங்கி நிற்கும். எப்படியும் வரப்போகிறவருக்குத் தூரத்திலிருந்து மோட்டார் போடுவதில் லாபம் சிறிது. சொட்டுநீர் போட்டவருக்கும் தொட்டியில் ஏற்றுகிறவருக்கும் ஆட்டோ ஸ்விட்ச் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இவர்களிடம் தீராமல் நிற்கும் சந்தேகம் ஒன்றுதான். மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வருகிறதா? கிணற்றில் ஊற்று ஊறாமல் வெறுமனே ஓடுகிறதா? அதைப் பார்க்கத்தான் இருட்டில் நடக்கிறார்கள்.

பிரச்சினையை எழுதுவது

ஒரே பத்தி, அளந்த எண்களோடு. "விவசாயிகள் நீரை வீணாக்குகிறார்கள்" என்ற பழைய தொடக்கத்தை மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதக் கை வராது. மாதிரிக்கு இப்படி: "தொட்டியில் ஏற்றிச் சொட்டுநீர் விடும், ஆட்டோ ஸ்விட்ச் ஏற்கெனவே உள்ள, பட்டன் போன் வைத்திருக்கும் விவசாயி, இரவில் திரி பேஸ் வரும்போது குழாயில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்க இத்தனை மீட்டர், இத்தனை முறை நடக்கிறார். தண்ணீர் நின்ற இத்தனை நிமிடத்துக்குள் மோட்டார் நிற்க வேண்டும். அவருக்கு ஒரு மிஸ்டு கால் போக வேண்டும்." "இத்தனை" உள்ள இடங்களில் உங்கள் நோட்டின் எண். எண் இல்லாத இடம் இருந்தால் திரும்பத் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

அதன்கீழே தோட்டம் போட்ட நிபந்தனைகள்: தகரக் கூரையடியில் மே மாதச் சூடு, எறும்பும் பல்லியும் நுழையாத பெட்டி, எலி கடிக்காத ஒயர்க்குழாய், லோ வோல்டேஜிலும் விடாத பவர் சப்ளை, பக்கத்து ஊர் எலக்ட்ரீசியனே மாற்றக்கூடிய பாகங்கள், ஒரே இழுப்பில் கருவியை ஒதுக்கிவிட்டுப் பழையபடி மோட்டார் ஓட்ட ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். கடைசி நிபந்தனையைச் சேர்க்காவிட்டால் நம் பெட்டியும் துண்டிக்கப்பட்ட பிரிவெண்டருக்குப் பக்கத்தில் தொங்கும்.

எழுதிய பத்தியை, பார்த்தவர்களில் நான்கு பேரிடம் எடுத்துப்போய்த் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "சரிங்க" என்றால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். "அது இல்லீங் தம்பி, தண்ணி நிக்கறது எங்களுக்குத் தெரியும், மறுபடி ஊறி எப்ப ஏறுதுன்னுதான் தெரியறதில்ல" என்று ஒருவர் சொன்னால், பத்தியை அடித்துவிட்டு அன்று மாலையே கிணற்றில் நீர்மட்டம் ஏறும் வேகத்தை அளக்கத் தொடங்குங்கள்: கயிற்றில் ஒரு கல், அரை மணிக்கு ஒரு முடிச்சு.